மோட்டாரை நிறுத்தச் சொன்ன தெரு

"நாத்தம் குடலைப் புடுங்குது, மோட்டாரை நிறுத்து!" என்று தெருவே கழிவுநீரேற்று நிலையத்துக்குத் திரண்டு வந்துவிட்டது. முன்னால் நின்று குதித்தவர் தெருக்கோடிப் பள்ளத்து வீட்டுக்காரர்.

மோட்டார் ஓட்டும் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. சல்லடையில் சிக்கிய துணியும் நாப்கினும் முடியும் நிறைந்த கூடையை அவர் காலடியில் தொப்பென்று வைத்தாள்.

"இது என்ன, எங்கம்மா வீட்டுச் சீதனமா? நீங்க கக்கூஸ்ல போட்டதுதான். தண்ணியை நான் சுத்திகரிக்கிற இடத்துக்குத் தள்ளிவிடுறேன். வேணாமா? இப்பவே நிறுத்துறேன். குழாய் நிரம்பினா எல்லாம் வந்த வழியே திரும்பும். முதல்ல பள்ளத்து வீட்டுலதான் எட்டிப் பார்க்கும்."

கை சுவிட்சுக்குப் போனது.

"ஐயோ தாயே, ஓட்டும்மா!" என்று அலறினார் பள்ளத்து வீட்டுக்காரர்.

"ஓட்டுறேன். போறப்ப கூடையை எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டுப் பொருளாச்சே!"