ஒரு மூச்சு நேரம்

"ஏண்டி, இன்னுமா நிக்கிற? பொழுது சாஞ்சா அப்புறம் அடுத்த வருஷம்தான்," என்றார் கணவர் லிப்பா.

யூதர்கள் பாவமன்னிப்புக்காக இருக்கும் பெருநோன்புக்கு முந்தைய பிற்பகல். இஸ்ரேலில், பினே பிராக் ஊரின் அந்தக் குடியிருப்பில் எல்லாத் தளங்களிலும் கோழி சூப் கொதித்தது. கறி வைத்து மடித்த கொழுக்கட்டைகளைத் தட்டில் அடுக்கிவிட்டு ஹெனியா கையைத் துடைத்தாள்.

"இன்னைக்கும் மாட்டேன்னுட்டா?"

"சொல்லிட்டுப் போறா. மூணு பேரைக் கூட்டிக்கிட்டு, மூணு தடவை போய்க் கேக்கணும். அதுக்கும் மனசு இரங்கலேன்னா பாரம் உன் தலையை விட்டு இறங்கிடும். பாவம் அவளோடது. சட்டம் தெளிவா இருக்கு."

கடவுளுக்குச் செய்த பிழையை நோன்பு கழுவிவிடும். மனிதருக்குச் செய்த பிழை, அந்த மனிதர் மன்னிக்கும்வரை அப்படியே கிடக்கும். அந்தத் தெருவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஹெனியா பிழை செய்தது மூன்றாம் மாடி மிந்தெலுக்கு. நாலு வருடத்துக்கு முன் எருசலேமிலிருந்து ஒரு பையனின் தாய் தொலைபேசியில் கூப்பிட்டாள். சம்பந்தம் பேசுமுன் பெண்ணின் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம்தான்.

"பொண்ணுக்கு உடம்பு எப்படிங்க?"

மிந்தெல் கல் போலத் திடமானவள் என்று ஹெனியாவுக்குத் தெரியும். ஆனால் அதே பையனைத் தன் தம்பி மகளுக்குக் கேட்டபோது இந்த அம்மாள் பதில்கூடச் சொல்லவில்லை. அது அந்த நேரம் பார்த்து நெஞ்சில் குத்தியது. ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஆண்டவன் அவளுக்கு நல்ல ஆரோக்கியத்தைக் குடுக்கட்டும்," என்றாள்.

"ஓ... புரிஞ்சுதுங்க," என்றாள் அந்தத் தாய்.

அவதூறாக ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று ஹெனியா தன்னைத் தேற்றிக்கொண்டாள். வரன் நின்றது. அந்தப் பெண்ணுக்கு ஏதோ இருக்கிறதாம் என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. மிந்தெலுக்கு இப்போது இருபத்தெட்டு. தாய் பெஸ்யா போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்த கல்யாணத் தரகி, ஹெனியா அன்று தயங்கியதாகப் பையன் வீட்டார் சொன்னதை அங்கேயே உளறிவிட்டாள்.

இந்த வாரம் ஹெனியா இரண்டு தடவை படியேறிவிட்டாள். முதல் தடவை கதவு சாத்தப்பட்டது. இரண்டாம் தடவை, "முடியாது."

இன்று சாட்சிக்குக் கீழ்வீட்டுத் தோய்பாவும் அவளுடைய இரண்டு மருமகள்களும்.

"மூணு மாடி ஏறினதுக்கு முதல்ல என் முழங்காலுகிட்ட மன்னிப்புக் கேளு," என்று தோய்பா மூச்சு வாங்கினாள்.

மிந்தெல் கதவைத் திறந்தாள். அவள் வேலை பார்க்கும் பாலர் பள்ளியின் நீலச் சாயம் இன்னும் விரலில் இருந்தது.

"மூணு பேரும் இருக்காங்களா? சரி, கேளுங்க அத்தை."

"பொண்ணே, ஒரு வார்த்தை சொன்னா வாயா தேஞ்சுடும்?" என்றாள் தோய்பா.

"சொல்லலாம். பொய்யாயிடுமே. நாளைக்கு ஆண்டவன் முன்னால அதையும் சேத்துத் தூக்கிக்கிட்டு நிக்கணும்." மிந்தெல் ஹெனியாவைப் பார்த்தாள். "தேடிப் பாத்தேன் அத்தை, நிஜமாவே. என் பங்கை எப்படியோ விட்டுடலாம். அம்மா கடைசி வாரம் பேச்சு நின்னப்புறமும், போன் அடிச்சா தலையைத் திருப்புவா. பையன் வீடோன்னு. அதை எப்படி விடறது?"

மிந்தெல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"கேட்டுடுங்க. மாட்டேன்னு சொல்றேன். நீங்க இறங்கிப் போயிடலாம், அப்புறம் அது என்னுது. எனக்கும் சட்டம் தெரியும்."

அதில் கோபமில்லை. ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டுகிறவளைப் போலச் சொன்னாள்.

கேட்க வேண்டிய சொல் ஹெனியாவின் நாக்கில் தயாராக இருந்தது. சொன்னால் போதும். தான் லேசாகப் படியிறங்கிவிடலாம், இவள் தாயில்லா வீட்டில் இதையும் வைத்துக்கொண்டு நிற்பாள்.

"நான் கேக்கல," என்றாள்.

"என்னடி விளையாட்டு? அடுப்புல சூப்பை விட்டுட்டு வந்திருக்கேன்!"

"போங்க தோய்பா. கோவிச்சுக்காதீங்க."

மூவரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். ஹெனியா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் தயங்கினது என் தம்பி பொண்ணுக்காக. பொறாமை. ரெண்டு தடவை வந்தும் இதை மறைச்சேன். காலையில எருசலேமுக்குப் போன் பண்ணி, பொண்ணுமேல ஒரு குறையும் இல்ல, தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

மிந்தெல் நிமிர்ந்தாள். "என்ன சொன்னாங்க?"

ஹெனியா தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அத்தை."

"எந்தப் பொண்ணுன்னு கேட்டாங்கம்மா."

மிந்தெலுக்குச் சிரிப்புப் போல ஏதோ வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஹெனியாவின் கை தானாக முன்னே போய், தொடாமல் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து, "போங்க, விளக்கேத்த நேரமாச்சு," என்று சொல்லி மிந்தெல் மெல்லக் கதவைச் சாத்தினாள்.

லிப்பா மேசையில் காத்திருந்தார்.

"மாட்டேன்னாளா?"

"நான் கேக்கவே இல்ல."

"பைத்தியமா உனக்கு? பாவத்தை வச்சுக்கிட்டு நாளைக்கு எப்படி நிப்ப?"

"என்னோடதுதானே."

லிப்பாவுக்குச் சட்டம் நிறையத் தெரியும். இதற்கு அலமாரிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவள் அவருக்குச் சூப் ஊற்றினாள். நோன்புக்குமுன் உண்பதும் கட்டளை என்பதால் தானும் ஒரு கொழுக்கட்டையை வாயில் வைத்தாள். வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தாள்.