இருபத்து மூன்றாம் வீடு

அர்த்தநாரிக்கு வெள்ளி மெடல் வாங்கிக் கொடுத்தது நரம்புச்சிலந்தி. இதை அவன் அப்பா வெங்கடாசலம் புதுச்சத்திரத்தில் யாரிடமும் சொல்வதில்லை. "பையனுக்கு மெட்ராசு டாக்டர் பள்ளிக்கூடத்துல மெடல் குடுக்கறாங்க. வைகாசி மாசம் துரையே நெஞ்சுல குத்தி உடுவாராம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எதற்காக என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் இங்கிலீசு சமாச்சாரமுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

சமாச்சாரம் இதுதான். மருத்துவப் பள்ளியில் சுகாதாரப் பாடத்துக்கு வருஷம் ஒரு பரிசு உண்டு. பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் செல்லாது. மாணவன் தானே ஓர் ஊருக்குப் போய், வீடு வீடாக விசாரித்து, அட்டவணை போட்டுக் கட்டுரை எழுத வேண்டும். மற்ற மாணவர்கள் காலரா, மலேரியா என்று போனார்கள். அர்த்தநாரிக்கு வேறு ஊர் தெரியாது. போன வருஷக் கோடை விடுமுறையில் சொந்த ஊரின் படிக்கிணற்றைப் பற்றியே எழுதினான்.

அந்தக் கிணற்றுக்குப் படி இறங்கிப் போய், கணுக்கால் நனைய நின்றுதான் குடத்தை முக்குவார்கள். காலில் கொப்புளம் உடைந்து புழுத் தலை நீட்டிக்கொண்டிருப்பவரும் அதே தண்ணீரில்தான் இறங்குவார். அதைக் குடித்த ஊருக்கு, அடுத்த கோடையில் நரம்புச்சிலந்தி மறுபடியும் வரும். நூல் போல ஒரு முழம், ஒன்றரை முழம் நீளப் புழு. அது முழுக்க வெளியே வரும்வரை ஏர் பிடிக்க முடியாது, களை வெட்ட முடியாது, கட்டிலே கதி.

அறுபத்து நான்கு வீடு, முந்நூற்றுப் பதினோரு பேர். நாற்பத்தொரு நாள் சுற்றினான். ஒவ்வொரு நாளும் எழுதியதைச் சாயங்காலம் ஒரு தரம் படித்துப் பார்த்து, தப்பாக இருக்குமோ என்று மறுநாள் அதே வீட்டுக்குப் போய் மறுபடியும் கேட்பான். ஆண்கள் சொன்னார்கள். பெண்கள்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புழு வந்த பெண் என்று பெயர் எடுத்துவிட்டால் கொள்வினை கொடுப்பினைக்கு யார் வருவார்கள்? பரம்பரை ரத்தத்தில் இருக்கும் கோளாறு என்றுதான் சுற்றுவட்டாரம் முழுக்க நினைப்பு.

அந்த இடத்தில் கை கொடுத்தவள் தங்கை ராசாத்தி. தாயில்லாத வீட்டைப் பன்னிரண்டு வயதிலிருந்து நடத்துகிறவள். "பொம்பளைங்க கணக்க நான் கொண்டாறேன், நீ அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே" என்று போனவள், ஒரு வாரத்தில் எல்லா வீட்டுக் கணக்கையும் கொண்டுவந்தாள். எந்த வீடு, எத்தனை பேர், எந்தக் கால், எந்த வருஷம் என்று ஒன்றுவிடாமல் மனப்பாடமாக ஒப்பித்தாள். அவன் எழுதிக்கொண்டான்.

இந்த வருஷம் சித்திரை கடைசியில், விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவனுக்குத் தபாலில் ஒரு உறை வந்தது. கட்டுரை பள்ளியின் ஆண்டு மலரில் வரப்போகிறது. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்து எட்டு நாளில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். "தங்கள் அட்டவணையின் முழுமைக்காகவே பரிசு வழங்கப்பட்டது" என்ற வரியை அர்த்தநாரி இரண்டு முறை படித்தான். பிறகு அச்சுத் தாளில் அட்டவணைப் பக்கத்தைத் திருப்பினான்.

ராசாத்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும்.

"இது வரிசையா ஊட்டு நெம்பருங்களாண்ணா?"

"ஆமா."

"இது ஆம்பளை, இது பொம்பளையா?"

"ம்."

அவள் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. இருபத்து மூன்றில் நின்றது.

"நம்மூட்டுக்கு நேரா எதுக்குச் சுழி போட்டிருக்குது?"

அர்த்தநாரி தாளைத் தன் பக்கம் இழுத்தான். அவள் விரலை எடுக்கவில்லை.

"அச்சுல தப்பாப் போட்டுட்டாங்களா, நீ போட்டியா?"

"நான்தான் போட்டேன்."

போட்டபோது அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. கணக்கெடுப்பவன் தன் வீட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படியானால் அந்த வீட்டையே விட்டிருக்க வேண்டும். விட்டால் அறுபத்து நான்கு அறுபத்து மூன்றாகும், பேராசிரியர் கேட்பார். அதனால் வீட்டை வைத்துக்கொண்டு அதற்கு நேரே சுழியைப் போட்டான். தங்கைக்கு அப்போதுதான் சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஜாதகம் கேட்டிருந்தார்கள்.

ராசாத்தி உட்கார்ந்தாள். இடது கணுக்காலுக்கு மேலே அந்தத் தழும்பு, புளியங்கொட்டை அளவில், பளபளவென்று தெரிந்தது.

"நான் ஒவ்வொரு ஊட்டுலயும் போயி மொதல்ல என்ன பண்ணுனேன் தெரியுமா? இந்தக் காலைத்தான் தூக்கிக் காட்டுனேன். எனக்கும் வந்துச்சுக்கா, எங்கண்ணன் என்னையுந்தான் எழுதறான், பேரு போடறதில்ல, ஊட்டு நெம்பருதான்னேன். அதுக்கப்புறந்தான் வாயே தொறந்தாங்க. சென்னம்மாக்கா அவ புருசன்கிட்டக் கூடச் சொல்லாதத எங்கிட்டச் சொன்னா. எல்லாரையும் எழுதிப்போட்டு நம்மள மட்டும் சுத்தபத்தமுன்னு வெச்சுக்கிட்டியா?"

"உன் கல்யாணத்த நெனச்சுத்தான்..."

"சென்னம்மாக்கா ஊட்டுலயும் ரெண்டு பொண்ணு இருக்குது."

அவள் அழுதிருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். போகிறபோது, "என் காலு, என் கல்யாணம். நீ எழுது" என்றாள்.

அவன் எழுதினான். சுழியை அடித்து ஒன்று போட்டான். பெண்கள் கூட்டுத்தொகை முப்பத்து மூன்று முப்பத்து நான்காயிற்று. ஊர் மொத்தம் ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பதாயிற்று. கூடவே பேராசிரியருக்கு ஒரு கடிதம்: இது அச்சுப் பிழை அல்ல, நான் தெரிந்தே செய்தது என்று. அந்த வரியை எழுத அரை நாள் ஆனது. உறையை ஒட்டினான். தபாலில் சேர்க்கக் கால் எழவில்லை. பரிசு பெற்ற பிறகு அட்டவணையைத் திருத்துகிறவனைப் பள்ளி என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். மெடலோடு போனால் தேவலை.

வெங்கடாசலம் விஷயம் தெரிந்ததும் குதித்தார்.

"ஒத்தச் சுழி! அதுல ஊரு என்னடா முழுகிப்போவுது? மெடலும் போயி, பொண்ணு கல்யாணமும் போயி, ரெண்டு பேரும் இந்தக் காயிதத்தைக் கட்டிக்கிட்டு அழுவீங்களா?"

அன்றைக்குப் பார்த்துச் சங்ககிரியிலிருந்து ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராசாத்திக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வேலுசாமியின் தாய்மாமன் காளியப்பன் புதன்கிழமை வருகிறார். அந்தக் கட்டுரை விஷயமாக ஒன்று கேட்க வேண்டுமாம். காளியப்பன் ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிறவர். நாலு எழுத்து தெரிந்தவர். பத்திரிகையில் பரிசுப் பட்டியல் வந்ததைப் பார்த்திருக்கிறார்.

"பார்த்தியா?" என்றார் அப்பா. "மோப்பம் புடிச்சுட்டாங்க. புதங்கெழமை ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. அந்த உறை இங்கயே கெடக்கட்டும்."

புதன்கிழமை காளியப்பன் மோட்டார் பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்தார். மோர் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். பருத்தியைப் பற்றிப் பேசினார். மெடல் எத்தனை எடை இருக்கும் என்று கேட்டார். அர்த்தநாரிக்குத் தெரியவில்லை. வந்த விஷயத்தைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தவர், கடைசியில் சொம்பைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்கப்படாதுங்க."

"கேளுங்க."

"தம்பி அந்த நரம்புச்சிலந்தியப் பத்தித்தான எழுதியிருக்கறாரு. உங்க ஊட்டுல யாருக்காச்சும் அது வந்திருக்குதுங்களா?"

"எங்கூட்டுலயா?" வெங்கடாசலம் சிரித்தார். "சாமி சத்தியமா இல்லீங்க. எங்க வம்சத்துலயே கெடையாது."

காளியப்பன் முகம் தொங்கிப்போயிற்று. அர்த்தநாரி அதைப் பார்த்தான், ஆனால் அதன் பொருள் அவனுக்கு அப்போது விளங்கவில்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ராசாத்தி வெளியே வந்து தானே சொல்லிவிடுவாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் சொல்லும்படி விட்டால் அந்த வெட்கம் தன் ஆயுளுக்கும் போகாது என்றும் தெரிந்தது.

"இல்லீங்க," என்றான் அர்த்தநாரி. "என் தங்கச்சிக்கு வந்துச்சுங்க. மூணு வருசம் முன்னால, எடது கால்ல. நான்தான் எழுதாம உட்டுட்டேன். இப்பத் திருத்தி எழுதி உறை போட்டு வெச்சிருக்கறேன். ரத்தக் கோளாறெல்லாம் இல்லீங்க, தண்ணிக் கோளாறு. துணியில வடிகட்டிக் குடிச்சா வராதுங்க." கட்டுரையின் முடிவுரை முழுவதையும் சொல்லிவிடுவான் போலிருந்தது. அப்பா முறைத்த முறைப்பில் நின்றது.

காளியப்பன் அவனை உற்றுப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்குப் புழுவ யாரு எடுத்து உட்டது?"

இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நானேதானுங்க எடுத்தேன்," என்றாள் ராசாத்தி உள்ளேயிருந்து. "பத்தொம்பது நாளு."

"நடுவுல அறாமயா?"

"அறாமத்தானுங்க."

காளியப்பன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் சொன்னது இதுதான். அவர் அக்கா, மாப்பிள்ளையின் தாய் முத்தாயம்மாள், பதினெட்டு நாளாகக் கட்டிலில் கிடக்கிறாள். முழங்காலுக்குக் கீழே ஒன்று வந்தது. யாரோ ஒருவன் வேகமாக இழுத்ததில் பாதியில் அறுந்து, கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. இப்போது பாதத்தில் இன்னொன்று தலை நீட்டியிருக்கிறது. யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள்.

"ஊருக்கெல்லாம் அம்மை குத்தறேன், எனக்கு இதுல கை வரமாட்டேங்குது. தம்பி படிச்சவரு, ஆனா ஏட்டுப் படிப்பா கைப்பழக்கமான்னு தெரியலீங்களே. ஊட்டுல ஆருக்காச்சும் எடுத்துப் பழக்கமிருந்தாத் தைரியமாக் கூப்படலாமுன்னுதான் கேட்டேன். எங்கக்கா தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா நம்ம பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க, வாயத் தொறக்காதேன்னு."

வெங்கடாசலம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். சாமி மேல் செய்த சத்தியம் அங்கே எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பவர் போல.

ராசாத்தி போக முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கும் வழக்கமில்லை. அர்த்தநாரிதான் போக வேண்டும். புழு வந்த ஐம்பத்தொன்பது பேரைக் கணக்கெடுத்தவன் ஒரு புழுவைக் கூடத் தன் கையால் எடுத்ததில்லை. இதைக் காளியப்பனிடம் சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, சொன்னான். "சரி, கத்துக்கிட்டு வாங்க தம்பி, நான் காத்திருக்கறேன்" என்று அவர் வேப்பமர நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ராசாத்தி ராகி மாவைப் பிசைந்து, புழு மாதிரி ஈர நூல் ஒன்றை உள்ளே வளைத்து வைத்து உருட்டினாள். நுனியை வெளியே விட்டு, ஈர்க்குச்சியில் சுற்றச் சொன்னாள். முதல் தடவை மாவு பிளந்தது. இரண்டாம் தடவை நூல் அறுந்தது.

"இப்ப அவங்க காலு வீங்கிருச்சு," என்றாள். "மெதுவாச் சுத்து. உள்ள புடிக்கறாப்பல தெரிஞ்சா உட்டுரோணும். இன்னுங் கொஞ்சம் வருமாட்ட இருக்கும், அப்பத்தான் நிறுத்தோணும். ஒரு நாளைக்கு ரெண்டு வெரக்கடை நீளம் வந்தாப் போதும். காலுமேல போடற ஈரத் துணி காயாமப் பாத்துக்க."

ஆறாவது தடவை நூல் முழுதாக வந்தது.

காளியப்பனோடு போய் இறங்கியதும் உறையைச் சங்ககிரித் தபாலாபீசில் போட்டான். போட்ட பிறகு பெட்டியின் வாயில் விரல் விட்டுப் பார்த்தான். உறை கீழே போய்விட்டிருந்தது.

முத்தாயம்மாள் முதல் நாள் அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் திட்டினாள். மூன்றாம் நாள், "கை நடுங்காம சுத்து சாமி, நான் உன்னையக் கடிச்சா திங்கப்போறேன்?" என்றாள். பகலெல்லாம் ஈரத் துணி மாற்றுவான். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஈர்க்குச்சியை அரைச் சுற்று திருப்புவான். பிடிக்கிறதா, பிடிப்பதாகத் தனக்குத்தான் தோன்றுகிறதா என்று ஒவ்வொரு தரமும் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுவான். வேலுசாமி கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் தண்ணீரை வடிகட்ட ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் போகக் கற்றுக்கொண்டான். ஊரில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பதினான்காம் நாள் பேராசிரியரின் பதில், வீட்டுக்கு வந்து, அங்கிருந்து காளியப்பன் கையில் வந்து சேர்ந்தது. பரிசு அறிவித்த பின் அட்டவணை மாறுவதை ஏற்பதற்கு விதியில்லை. பரிசு அடுத்த மாணவருக்குப் போகிறது. கட்டுரை, திருத்திய எண்ணுடன், பரிசு என்ற குறிப்பு இல்லாமல் மலரில் வரும். மேற்கொண்டு நடவடிக்கை எதுவும் இல்லை. கடைசியில் கையால் ஒரு வரி: "முன்பே எழுதியிருக்கலாம்."

முன்பே எழுதியிருந்தால் மெடலும் அவனுடையதாகவே இருந்திருக்கும். ஐம்பத்தெட்டுக்குக் கொடுத்தவர்கள் ஐம்பத்தொன்பதுக்கும் கொடுத்திருப்பார்கள். அவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்து கலங்கியது. புதுச்சத்திரத்தில் அப்பா துண்டை உதறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"என்ன சாமி காயிதம்?" என்றாள் முத்தாயம்மாள்.

"ஒண்ணுமில்லீங்க. மெடல் வேறொருத்தருக்குக் குடுக்கறாங்க."

அவள் விரல் விட்டு நாள் எண்ணினாள்.

"அப்ப மெடல் வாங்க வெள்ளிக்கெழமை நீ மெட்ராசுக்குப் போகத் தேவையில்ல?"

"இல்லீங்க. பள்ளிக்கூடம் தொறக்கறது அதுக்கப்பறம் பத்து நாளு கழிச்சுத்தானுங்க."

"பத்து நாளு போதுமா இதுக்கு?" என்று பாதத்தைக் காட்டினாள். "நான் என் கால்ல நடந்து வந்துதான் உன் தங்கச்சிக்குப் பூ வெக்கோணும். வண்டியில தூக்கிக்கிட்டு வந்தா உங்கப்பன் என்ன நெனைப்பாரு?"

"போதுமுங்க," என்றான். உடனே, "அவசரப்படாம இருந்தா" என்று சேர்த்தான்.

அவள் காலை நீட்டினாள். அவன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, துணியை நனைக்கச் செம்பை எடுத்தான்.