கறுப்பு டேப்

என் கணவர் அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொடமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மறந்துவிட்டுப் போன குடை ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வாசலில் சாய்ந்து கிடந்தது. நனைந்துகொண்டே வேலைக்குப் போனாரே தவிர அதை விரிக்கவில்லை. அந்தக் குணம்தான் அவரைக் கொன்றது. அதற்குக் கொஞ்சம் உதவியவர் ஒருவர் உண்டு. இது அவரைப் பற்றியது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, மலைப் பள்ளத்தாக்குகளையும் பழைய கோட்டைகளையும் பார்க்கக் கிளம்பினோம். நாங்கள் இருவர் மட்டும். உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, கைக்குட்டை அளவில் ஒரு கை கழுவும் தொட்டி. முதல் நாளே டாஷ்போர்டில் கறுப்பு டேப் துண்டு ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. என் கணவர் வண்டி முதலாளிக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி வைத்தார்.

"அது ஒண்ணுமில்ல சார், ஒயர் லூஸு. சும்மா எரிஞ்சுக்கிட்டுக் கண்ணை உறுத்தும். பிச்சுடாதீங்க, பிசின் ஒட்டிக்கும். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

நான் டேப்பின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். "விடு, அவர் வண்டி" என்றார் இவர்.

மூன்றாம் நாள், கணவாயிலிருந்து இறங்கும்போது ஐந்தாவது வளைவில் பிரேக் போனது. பள்ளம் என் பக்கம் இருந்தது. அவர் வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பினார். அது அவருடைய பக்கம்.

நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதற்குள் முதலாளியே ஆள் வைத்து வண்டியை இழுத்துப் போயிருந்தார். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது டாஷ்போர்டில் டேப் இல்லை. படுக்கையில் நான் சொன்னதை 'தலையில் அடிபட்டவர்' என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அறிக்கை வந்தது: ஓட்டுநரின் கவனக்குறைவு.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. ஒரு பக்கத்தில் தப்பான சொல் ஒன்று நின்றுவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்தச் சொல் என் கணவர் பெயருக்கு நேரே நின்றது. இரண்டு முறை மனுப் போட்டேன். ஆதாரம் கேட்டார்கள்.

என் நாத்தனார் பஸ் டெப்போ பட்டறையில் மெக்கானிக். அண்ணன் என்றால் உயிர்.

"அண்ணி, அந்த ஆளைப் போய் நாலு சாத்து சாத்திட்டு வரவா?"

"வேண்டாம். மலைக்குக் கூட்டிட்டுப் போவோம்."

முதலாளி எங்கள் இருவரையும் நேரில் பார்த்ததில்லை. வண்டியை எடுக்க அன்று இவர் மட்டும்தான் போயிருந்தார். அவருடைய வேறொரு கேரவனை நாத்தனார் பெயரில் பதிவு செய்தோம். மலைப்பாதை பழக்கமில்லை, நீங்களே ஓட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். சந்தோஷமாக வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, புதுத் தோல் செருப்பு, வாய் ஓயாத மனிதர். நாத்தனாரின் கருவிப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"பொம்பளை மெக்கானிக்கா! அப்ப என் வண்டிக்கு வழியில ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு எப்படிச் சொல்றீங்க சார்? என் கை ராசி உங்களுக்குத் தெரியாதே" என்றாள் அவள்.

வண்டியின் அலமாரிக் கொக்கியில் ஒரு குறைநோட்டு தொங்கியது. வாடகைக்கு எடுப்பவர்கள் குழாய் சொட்டுகிறது, கதவு இழுக்கிறது என்று எழுதுவார்கள். முதலாளி கீழே 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதுதான் அவர் தொழில் முறை. பக்கம் பக்கமாகப் 'பார்த்தேன்'.

முதல் நாள் கோட்டைக்குப் போனோம். இடிந்த மதில்மேல் நின்று, "துரோகிகளை ராஜா இங்கிருந்துதான் தள்ளிவிடுவாராம்" என்றார்.

"நல்ல ராஜா" என்றாள் நாத்தனார்.

மறுநாள் பள்ளத்தாக்கில், கூரையில்லாத ஒரு கல்மண்டபத்தின் நிழலில் டீ குடித்தோம். இதுவரை விபத்து ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை மேடம். ஓட்டத் தெரியாத ஆளு. பொண்டாட்டிகிட்ட பவுசு காட்ட வேகமா இறக்கியிருக்கான். என் வண்டிதான் போச்சு."

டீயைச் சிந்தாமல் குடித்து முடித்தேன். நாத்தனார் எழுந்து போய் ஒரு தூணை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் சிற்பம் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை அதே கணவாயின் உச்சியில் நிறுத்தினோம். பழைய காவல் கோபுரம் ஒன்று உண்டு. முதலாளி அதைச் சுற்றிவிட்டு வந்தபோது, நாத்தனார் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா பார்த்தேன் சார்."

அவர் ஏறி உட்கார்ந்தார். டாஷ்போர்டில் கறுப்பு டேப் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"யாரு இதை ஒட்டினது?"

"நான்தான்" என்றேன். "ஒயர் லூஸு. சும்மா எரிஞ்சுக்கிட்டுக் கண்ணை உறுத்துது. பிச்சுடாதீங்க, பிசின் ஒட்டிக்கும். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நெற்றித் தழும்பைப் பார்த்தார். அவர் முகம் மாறுவதைக் காண இரண்டு வருடம் காத்திருந்தேன். கண் கொட்டாமல் பார்த்தேன்.

டேப்பைப் பிய்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். உடனே எரிய வேண்டிய பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை.

"பல்பு இருந்தாத்தானே எரியும்?" நாத்தனார் உள்ளங்கையை விரித்தாள். கடலை அளவு பல்பு.

பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார். "நல்லாத்தானே பிடிக்குது..."

"அன்னைக்கும் மேல நல்லாத்தான் பிடிச்சுது" என்றேன். "அஞ்சாவது வளைவு வரைக்கும். ஓட்டுங்க. நாங்களும் கூடவே வர்றோம், பயப்படாதீங்க. எனக்குப் பழக்கமான ரோடுதான்."

நாங்கள் பின்னால் ஏறி உட்கார்ந்தோம். அவர் கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து வியர்வை சட்டைக்குள் ஓடியது. கால் மணி நேரம் முதல் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

"என்னால முடியாது. என்னம்மா வேணும் உங்களுக்கு?"

குறைநோட்டை எடுத்துக் கொடுத்தேன். "அந்த வண்டிக்கு என்ன குறைன்னு எழுதுங்க."

எழுதினார். தேய்ந்த பிரேக்கை மாற்றச் சொல்லிப் பட்டறைக்காரர்கள் தனக்குச் சீட்டுக் கொடுத்ததையும், சீசன் முடியட்டும் என்று விளக்கின்மேல் டேப் ஒட்டியதையும், விபத்துக்குப் பிறகு தானே பிய்த்ததையும் எழுதினார். 'பிரேக்' என்பதில் க்-க்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. வைக்கச் சொன்னேன். எந்தப் பட்டறை என்றும் எழுதச் சொன்னேன். அடியில், வழக்கம்போல, 'பார்த்தேன்' என்று போடச் சொன்னேன். அப்போதுதான் அழுதார்.

"பார்த்துட்டுத்தானே அனுப்பினீங்க" என்றேன்.

நாத்தனார் பல்பை மாட்டினாள். அவள் ஓட்டுவதாகச் சொன்னதும் முதலாளி குதித்து இறங்கிவிட்டார். "நான் நடந்தே வர்றேன்" என்றார். யாரும் தடுக்கவில்லை. இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கினோம்.

ஐந்தாவது வளைவில் நிறுத்தினோம். பாறையில் வண்டி உரசிய கோடு இன்னும் இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். நாத்தனார் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். மேலே ஒவ்வொரு வளைவாக அந்த வெள்ளைச் சட்டை இறங்கி வந்தது. பாதி வழியில் செருப்பு அவர் கைக்கு வந்திருந்தது. வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று.

"வண்டியை என்ன பண்ணீங்க?" மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஒண்ணும் பண்ணல சார்" என்றாள் நாத்தனார். "பின் டயர்ல ஒரு நட்டு லூஸா இருந்துச்சு. முடுக்கி வச்சேன்."

அவர் பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மன்னிச்சிடும்மா."

"இன்னும் பதினோரு வளைவு இருக்கு. ஓரமா நடங்க, வண்டிங்க வரும்" என்றேன்.

கீழே ஊரில் அவருடைய வண்டியைப் பூட்டி, சாவியைப் பெட்ரோல் பங்கில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். குறைநோட்டு என் மடியில் இருந்தது. மறுநாளே நாத்தனார் அந்தப் பட்டறைக்குப் போய்ச் சீட்டின் நகலை வாங்கி வந்தாள். இரண்டையும் வைத்து மூன்றாவது மனுப் போட்டேன். மலையில் மிரட்டி எழுதவைத்தார்கள் என்று விசாரணையில் முதலாளி சொல்லிப் பார்த்தார். அந்தச் சீட்டில் அவருடைய பழைய கையெழுத்து இருந்தது, மேலே ஒரு 'பார்த்தேன்' இருந்தது.

ஐந்து மாதம் கழித்துத் திருத்திய அறிக்கை வந்தது. எழுத்து எழுத்தாகப் படித்தேன். பிழை இல்லை.

அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் கேட்டது நினைவிருக்கிறது. நான் பதில் சொல்லாததும் நினைவிருக்கிறது.