அண்ணன் எழுதிய சாப்பாட்டு நோட்டு

1

இந்தக் கதை ஒரு பாராட்டில் தொடங்கியது. பாராட்டியவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு வார இதழிலிருந்து ஆசிரியர் அழைத்தார். "ஆன்டி, வயசானவங்க சாப்பாடு, வெயிட்டு, இதைப் பத்தி ஒண்ணு வேணும். கட்டுரையா வேணாம், கதை மாதிரி இருக்கட்டும். ஆனா படிக்கிறவங்களுக்கு யூஸ் ஆவணும் லா."

அறுபத்து நான்கு வயது, சர்க்கரை, பருத்த உடம்பு. என்னைக் கேட்டது பொருத்தம்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்குமாடிக்குக் கீழே மூன்று சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. லிஃப்ட் கதவு திறந்தாலே ரொட்டி சானாய் வாசனை. என்னைப் பற்றி எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், தாளில் இருந்தது நானில்லை. கிள்ளானில் தனியாக இருக்கும் என் அண்ணன் தம்புசாமி. வயது எழுபத்தொன்று. துறைமுகத்துக்கு லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

(கதைக்காகப் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். "என் பேருக்கு என்னா கொறைச்சல்?" என்றார்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரங்களின் வாசனை…"

விட்டுவிட்டேன். அண்ணன் வீடு அங்கிருந்து நாலு கிலோமீட்டர். அங்கே பக்கத்து ஒர்க்‌ஷாப்பின் கிரீஸ் வாசனைதான் வரும்.

இரண்டாவது: "தம்புசாமிக்குப் பசி எடுப்பதே நின்றுபோயிருந்தது."

நல்ல வாக்கியம்தான், ஆனால் பொய். அவருக்குப் பசித்தது. தினமும் பசித்தது. அது எனக்குத் தெரியவர ஐந்து மாதம் பிடித்தது. ஆகவே வாக்கியத்தை அடித்துவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

3

அண்ணி நல்லம்மாள் ஒரு மார்ச் மாதத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரே மகன் ஜெயராஜுக்குச் சிங்கப்பூரில் வேலை. தினமும் போன் செய்வான்.

"சாப்டாச்சாப்பா?"

"ஆச்சுய்யா."

நான் ஞாயிறுதோறும் காலையில் கூப்பிடுவேன். "பசியாறிட்டீங்களாண்ணே?"*

"ஆச்சு, ஆச்சு."

* எங்கள் நாட்டில் காலைச் சாப்பாட்டைப் 'பசியாறுவது' என்றுதான் சொல்வோம். எத்தனை நல்ல சொல். அதை எத்தனை ஞாயிறு, பதிலைக் காதில் வாங்காமலே கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷத் தீபாவளிக்குக் கிள்ளான் போனேன். அண்ணன் வாசல் கேட்டைத் திறந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டை தோளிலிருந்து தனியாகத் தொங்கியது. மூன்று நாள் முன்புதான் டாக்டர் என்னிடம் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த எரிச்சலில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"அலமாக்! என்னாண்ணே இப்பிடி ஸ்லிம்மாயிட்டீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க!"

வாயைத் திறக்காமல் சிரித்தார். "சீனி கொறச்சிட்டேன், வாணி."

வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஒருவர் தோளைத் தட்டி, "அம்பது வயசு மாதிரி இருக்கீங்க" என்றார். தட்டில் முறுக்கு வந்தது. நான் நான்கு தின்றேன். அண்ணன் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அப்பறம் சாப்டுறேன்."

அதை நான் பார்த்தேன். கதை எழுதுகிறவள், எதையும் கவனிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள், பார்த்துக்கொண்டே ஐந்தாவது முறுக்குக்குக் கை நீட்டினேன்.

4

பொங்கலன்று வாசலில் மூட்டிய விறகடுப்பிலிருந்து பானையை இறக்கக் குனிந்த அண்ணன், சட்டென்று ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டார். பெல்ட்டில் ஓட்டை போட இனி இடமில்லை. அதற்கு மேல் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார்.

மறுநாளே அரசு கிளினிக்குக் கூட்டிப்போனேன். மெஷினில் நின்றார். நாற்பத்தெட்டரை கிலோ. இரண்டு வருஷத்துக்கு முந்தைய பழைய அட்டையில் அறுபத்து மூன்று என்று இருந்தது. டாக்டர் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கொறைக்கணும்னு நீங்களா கொறச்சீங்களா அங்கிள்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன், இன்னொரு ஸ்கேன். ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தை எழுத மூன்று தடவை முயன்றேன். "காத்திருக்கும் அறையின் நீல நாற்காலிகள்…" வேண்டாம். அந்த வியாதியின் பெயரை நாங்கள் இருவரும் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

கடைசியில் எல்லாம் சுத்தமாக வந்தது. வியாதி எதுவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் முகம் மட்டும் தெளியவில்லை. "அப்ப இன்னும் ஒரே கேள்விதான். என்னா சாப்பிடுறாரு?" என்று சொல்லி, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

5

இங்கே உணவு ஆலோசகர் ஷாமினி வருகிறார். இவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்லவராக எழுதினால் வாசகர் நம்புவாரா? அதனால் இதையும் சொல்கிறேன். நாங்கள் உள்ளே போனபோது, மேசைக்கடியில் மறைத்து வைத்து உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த ஒரு கறிபாப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். மணி மூன்று. அதுதான் அவருடைய மதியச் சாப்பாடு.

வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அங்கிள், நேத்து என்னா சாப்டீங்க?"

"சோறு, கறி, எல்லாந்தான்."

"சரி. மூணு வாரம் எழுதிட்டு வாங்க. காலையில என்னா, மதியம் என்னா, ராத்திரி என்னா. சின்னதா சாப்டாலும் எழுதணும்."

அண்ணன் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினார். மூன்று வாரம் கழித்து, கிளினிக் போவதற்கு முதல் நாள், நான் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் வந்து அந்த நோட்டைப் படித்தேன்.

*திங்கள். காலை: தோசை 3, தேங்காய்ச் சட்னி. மதியம்: சோறு, சுறாப் புட்டு, ரசம். இரவு: சப்பாத்தி, பருப்பு.*

*செவ்வாய். காலை: இடியப்பம், தேங்காய்ப்பால். மதியம்: சோறு, முருங்கைக்கீரை, முட்டைப் பொரியல். இரவு: தோசை, சாம்பார்.*

வெள்ளிக்கிழமை சைவம். சனிக்கிழமை ஆட்டெலும்பு சூப். இருபத்தொரு நாளும் அழகான கையெழுத்து. ஒரு வேளைகூட விட்டுப்போகவில்லை.

முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் என் வாய் வழியாகப் போயிருக்கின்றன. நடந்ததைச் சொல்கிறவர் தடுமாறுவார். "இல்ல, புதன்கிழமை இல்ல, வியாழன்" என்பார். தடுமாறாமல் சொல்கிறவரைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இந்த நோட்டு தடுமாறவே இல்லை. ஒரு துளி ரசக்கறைகூட இல்லை.

ஆனாலும் அன்று நான் சந்தேகப்படவில்லை. "இவ்ளோ சாப்டுமா உடம்பு ஏறல!" என்றுதான் கவலைப்பட்டேன். தே ஓ, பாலில்லாத தேநீர், கலக்கலாம் என்று அடுப்பைத் திருகினேன். பற்றவில்லை. கேஸ் தோங் சிலிண்டரை அசைத்தேன். காலி.

"அண்ணே, கேஸ் எப்ப தீந்துச்சு?"

கூடத்தை எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"தீபாவளிக்கு முன்னாடி."

6

(இந்த இடத்தில் நான் கோபப்பட்டதாக முதல் வரைவில் எழுதியிருந்தேன். கோபப்படவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.)

"அப்ப இதெல்லாம் என்னாண்ணே?" நோட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"உங்கண்ணி வைக்கிறது. திங்கக்கிழமைன்னா சுறா. வெள்ளிக்கிழமை கறி கெடையாது. நாப்பத்து மூணு வருஷம் அப்பிடித்தான். எழுதச் சொன்னாங்க… எழுத உக்காந்தேன்னா அதுதான் வருது."

"நெஜமா என்னா சாப்டீங்க?"

அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து காட்டினார். க்ரீம் கிராக்கர் பிஸ்கட் டின். கோப்பித் தூள். சீனி. தண்ணீர் சுடவைக்கும் மின்கெண்டி. மூன்று வேளையும் பாலில்லாத கோப்பி ஓ, அதில் நனைத்த பிஸ்கட். எப்போதாவது வாழைப்பழம்.

"கடையில தாப்பாவ் பண்ணி வீட்டுக்குக் கொண்டாந்தாச்சும் சாப்டக் கூடாதா?"

அப்போதுதான் அண்ணன் என் முன்னால் வாயைத் திறந்து, கீழ்ப்பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஈறு சிவந்து ஓரம் புண்ணாகியிருந்தது. செட்டு பழையது. ஈறு சுருங்கிப்போய், கடிக்கும்போதெல்லாம் வழுக்கி அறுத்தது.

"கடையில ஒரு தடவ கழண்டு தட்டுல விழுந்துச்சு, வாணி. எதுத்த டேபிள்ல சின்னப் பசங்க. அதோட கடைப்பக்கமே போறதில்ல."

"ஜெயராஜ்கிட்ட சொல்லலியா?"

"அவன் சாப்டாச்சான்னு கேப்பான். ஆச்சும்பேன். நெஜத்த சொன்னா வேலைய விட்டுட்டு வந்து நிப்பான்."

பசித்திருக்கிறது. பிஸ்கட்டை முக்கிக்கொண்டு, அண்ணியின் சுறாப் புட்டை எழுதியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கதை எழுதுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

7

மறுநாள் ஷாமினியிடம் உண்மையைச் சொன்னோம். திட்டுவார் என்று எதிர்பார்த்து அண்ணன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷாமினி நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை.

"அங்கிள், இது யாரு போட்ட மெனு?"

"என் வைஃப்."

"நான் போட்டாக்கூட இவ்ளோ நல்லா வராது. மீனு, முட்டை, பருப்பு, கீரை, எல்லாம் இருக்கு. உங்க வயசுல இதுதான் வேணும். இல்லன்னா சதை கரைஞ்சிரும், கீழ விழுந்துருவீங்க." நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "இத நீங்க சாப்டல. பரவால்ல. இனிமே சாப்டப் போறதா வச்சிக்கலாம். எல்லாத்தையும் மெதுவா ஆக்கி, கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சு வேளையா. மொதல்ல பல்லு."

வெளியே வந்ததும் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

ஷாமினிக்கு இதுவரை நான் சரியாக நன்றி சொல்லவில்லை. தீபாவளிக்குக் கறிபாப் செய்து கொண்டுபோகலாம் என்று அண்ணன் சொல்கிறார். உணவு ஆலோசகருக்குக் கறிபாப் கொடுக்கலாமா என்பது வேறு விஷயம்.

8

நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. கதைக்கு உகந்த வேகத்தில் எதுவும் நடக்கவில்லை.

கேஸ் தோங் வந்தது. பல் செட்டு அளவெடுத்து, திருத்தி, மறுபடி திருத்தி, கைக்கு வர இரண்டரை மாதம் ஆனது. அதுவரை கஞ்சி. கஞ்சியில் நெத்திலி அரைத்துப் போட்டது, முட்டை உடைத்து ஊற்றியது, பருப்புக் கடைந்தது. செவ்வாயும் சனியும் நான் கிள்ளான் போனேன். மற்ற நாள்களில் பன்னிரண்டரைக்கு வீடியோ கால். அவர் போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைப்பார். நான் சீனி டப்பாவில். இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

முதல் வாரம் அவர் நாலு வாய் தின்பதற்குள் நான் தட்டைக் கழுவிவிட்டேன். "ரயிலுக்குப் போறியா?" என்றார். பிறகு அவர் வேகத்துக்கு நானும் மெல்லத் தொடங்கினேன். மெதுவாகத் தின்றால் பாதித் தட்டிலேயே வயிறு நிறைவது தெரிகிறது. அறுபத்து நான்கு வயதில் கண்டுபிடித்தேன். சாயங்காலம் கீழே இறங்கி ரொட்டி சானாய் தேடுவதும் குறைந்தது. (நிற்கவில்லை. பொய் எழுதமாட்டேன்.)

பல் வந்த அன்று திங்கட்கிழமை. நான் லீவு போட வேலை எதுவும் இல்லாதவள், ஆகவே போனேன். மீன் பாசாரில் சுறா வாங்கினோம். அண்ணி எப்படிச் செய்வார் என்று அண்ணன் நின்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். பூண்டு போதாது என்றார். இஞ்சி அதிகம் என்றார். உட்கார்ந்து ஒரு கவளம் வாயில் வைத்து, கண்ணை மூடி, நிதானமாக மென்றார்.

"எப்பிடிண்ணே?"

"அவ வச்ச மாதிரி இல்ல." இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டார். "பரவால்ல. இன்னும் ரெண்டு கரண்டி போடு."

இன்று அவர் எடை ஐம்பத்து நான்கரை. நான் எண்பத்து மூன்றிலிருந்து எழுபத்தொன்பது.

9

இனி முடிவு.

ஒன்று: அண்ணன் அறுபத்து மூன்றைத் தொடுகிறார். எல்லாரும் கைதட்டுகிறோம். (ஷாமினி ஐம்பத்தெட்டு போதும் என்கிறார்.)

இரண்டு: ஒருநாள் பன்னிரண்டரைக்கு போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. (இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. ஒருநாள் அது நடக்கும், அவருக்கு அல்லது எனக்கு. ஆனால் அதை நான் எழுத வேண்டியதில்லை.)

மூன்று:

மூன்றாவது தோன்றாததால், எழுதியதை அண்ணனிடமே கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார்.

"நல்லம்மாளப் பத்தி கொஞ்சந்தான் எழுதியிருக்க."

"சேக்கிறேண்ணே. எப்பிடி முடிக்கிறதுன்னுதான் தெரியல."

"ஏன் முடிக்கணும்? நாளைக்கும் சாப்டணும்ல."

ஆகவே நான் முடிக்கவில்லை. பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் விடும்படி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அது உங்களுக்கு. தனியாகச் சாப்பிடுகிற ஒருவர் உங்களுக்கும் இருப்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்காதீர்கள், ஆச்சு என்றுதான் சொல்வார். நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். சொல்வதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். பொய் சொல்கிறார் என்று தெரிந்தாலும் எழுதியதை அடித்துவிடாதீர்கள். அவருக்கு எதைச் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று அதில்தான் இருக்கிறது.

………………………………

………………………………

………………………………

………………………………