இரட்டைச் சுழி அரக்கன்

சலூன்காரர் நாவல் எழுத வேண்டும் என்று கனவிலும் நினைத்ததில்லை. கடை டிவி படுத்துவிட்டது, அவ்வளவுதான். காத்திருந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போகத் தொடங்கினார்கள். அவர்களைப் பிடித்து உட்கார வைக்க, கத்தரியை ஓட்டியபடியே ஒரு கதையை அவிழ்த்துவிட்டார். பறக்கும் கோட்டை, பேசும் குதிரை, கோட்டையை விழுங்கப் பார்க்கும் அரக்கன். டிவி சரியான பிறகும் அதைப் போட யாரும் விடவில்லை. அப்பாவைச் சவரத்துக்கு அழைத்து வந்த பதிப்பகத்துப் பெண் ஒருத்தி, முழுக் கதையையும் ஃபோனில் பதிந்து புத்தகமாகவே போட்டுவிட்டாள்.

பாராட்டுகிற ஆள் அடுத்து ஏதோ கேட்கப் போகிறான் என்பது சலூன்காரரின் அனுபவம். அவளும் கேட்டாள். நூலகத்தில் பேச வேண்டுமாம், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டுமாம். பல்லைக் காட்ட நான் என்ன பற்பசையா விற்கிறேன் என்று மறுத்துவிட்டார்.

புத்தகத்தைத் தள்ளிவிடும் வேலையைத் தங்கையின் கணவர் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடையின் இரண்டாவது நாற்காலி அந்த மாப்பிள்ளையுடையது. கழுத்தில் துணியைக் கட்டிய பிறகு எவன் எழுந்து ஓடுவான்? புத்தகத்தை உட்கார்ந்தவர் மடியில் வைத்துவிட்டு அரக்கனாகவே உறுமிக் காட்டுவார். வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் தங்கை சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் அண்ணனைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

“அண்ணே, அந்த அரக்கன் எங்க வீட்டு மனுஷன்தானே?”

“உயரத்தை மாத்திட்டேனேம்மா. மூக்கைக்கூட மாத்திட்டேன்.”

“பின்மண்டையை மாத்தலையே.”

சலூன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலமெல்லாம் மனிதர்களைப் பின்னாலிருந்து பார்த்தவர். யாரை வர்ணித்தாலும் பிடரியிலிருந்துதான் தொடங்குவார். இரட்டைச் சுழி, நடுவில் தட்டு அளவு வழுக்கை, இடது காதுக்குப் பின்னால் பிறைத் தழும்பு. அச்சு அசல் மாப்பிள்ளை. நல்லவேளை, அவர் தன் பின்மண்டையைக் கவனித்ததே இல்லை. தெரிந்துவிட்டால்? அவருடைய முறுக்கு ஊரறிந்தது. கத்தரியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், தங்கையையும் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க விடமாட்டார். வாயைத் திறக்காதே தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

தங்கை திறக்கவில்லை. பதிப்பகத்துப் பெண்தான் விளம்பரத்துக்கு வீடியோ எடுக்கிறேன் என்று வந்தாள். மாப்பிள்ளையைப் பின்னாலிருந்து படம்பிடித்தாள், வரிக்கு வரி அரக்கனேதான் என்று பூரித்துப்போய் அவரிடமே காட்டினாள்.

மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார். காதுக்குப் பின்னால் தடவினார். சவரக் கத்தியை வைத்துவிட்டு, தன் பக்கம் காத்திருந்தவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவர் நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு ஒருவர் விழித்தார்.

“அரக்கன்னு வெச்சீங்க, சரி. போய்த் தொலையுது மச்சான். ஆனா கால் வழுக்கிக் கிணத்துல விழுந்தா சாவணும்? ஒரு சண்டைகூடக் கிடையாதா?” என்றார் மாப்பிள்ளை.

அந்தக் கட்டத்தைச் சொன்ன அன்றைக்கு மாப்பிள்ளை தாமதமாக வந்திருந்தார், இரண்டு நாற்காலியையும் ஒற்றை ஆளாகப் பார்த்த எரிச்சலில்தான் அரக்கனைக் கிணற்றில் தள்ளினார் சலூன்காரர். அதைச் சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?

“செத்தான்னு யார் சொன்னது மாப்பிள்ளை? விழுந்தான்னுதானே சொன்னேன்,” என்றார். இனிமேல் கதையே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தவர், வேறு வழியில்லாமல் தொடங்கினார். கிணற்று விளிம்பில் ஒரு கை தெரிந்தது. பிறகு இன்னொரு கை.

மாப்பிள்ளை பாதி திரும்பினார். “தலையில முடி இருக்கணும்.”

“வழுக்கை எப்படி மாப்பிள்ளை மறையும்?”

“கிணத்துத் தண்ணி ஒத்துக்கிச்சுன்னு சொல்லுங்க.”

தங்கையை நினைத்துக்கொண்டார் சலூன்காரர். அரக்கன் தோள்வரை புரளும் முடியோடு மேலே ஏறி வந்தான். மாப்பிள்ளை எழுந்து துண்டை உதறினார், சவரக் கத்தியை எடுத்தார்.

“அப்புறம்?” என்றார் நுரைமுகத்துக்காரர்.

“வாயை அசைக்காதீங்க,” என்றார் மாப்பிள்ளை. “அவர் சொல்லுவாரு.”