குலுக்கலில் வந்த மெஷின்

குலுக்கலில் எனக்கு மெஷின் விழுந்த அன்றைக்கு நான் சந்தோஷப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. என் கால்கள் இரண்டும் உலக்கை மாதிரி இருக்கின்றன, எனக்கெதற்கு மெஷின்? விழுந்திருக்க வேண்டியது பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அக்காவுக்கு.

ஆரணியிலிருந்து வந்தவாசி போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில்தான் எங்கள் ஊர். தெரு முழுக்கப் பட்டுத் தறி. தலைக்கு மேல் ஜக்கார்டுப் பெட்டி கட்டிய தறியில் புடவைக்குப் பூ விழ வேண்டுமென்றால் காலால் மிதிக்கட்டையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மேலே தொங்குகிற அத்தனை கனமும் அந்தக் காலில் ஏறி, காலிலிருந்து அடிவயிற்றுக்குப் போகும். ஆதிலட்சுமி அக்காவுக்குக் கர்ப்பப்பை இறங்கி, ஆபரேஷன் செய்து தூக்கித் தைத்திருந்தார்கள். திரும்ப மிதித்தால் திரும்ப இறங்கும் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லி அனுப்பினார். அக்காவின் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பெண்ணையும் கட்டிக் கொடுத்தாயிற்று. மிதிக்காமல் அவள் எதைத் தின்பாள் என்று மட்டும் டாக்டரம்மா சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜாய்ஸ் வந்தாள். பக்கத்துத் தேசூர்ப் பெண். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். கால் நுனியால் ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், மோட்டாரே ஜக்கார்டைத் தூக்கிவிடும்படி ஒரு மெஷின் கட்டியிருந்தாள். கிராமத்துப் பெண்களுக்கான தொழில்நுட்பம் என்று தில்லியில் அதற்கு மானியம் கொடுத்திருந்தார்கள். மெஷினால் வலி குறைகிறது என்று இரண்டு வருஷத்தில் நிரூபித்துவிட்டால் பெரிய மானியம் வரும், ஜில்லா முழுக்கக் கொடுக்கலாம் என்றாள்.

இருபது தறிகளை எழுதிக்கொண்டாள். கையில் இருந்ததோ பத்து மெஷின். பள்ளிக்கூடத்தில் எங்களை உட்கார வைத்துச் சீட்டுக் குலுக்கினாள்.

"இன்னாம்மா இது, ஏலச்சீட்டா நடத்திகினுகிற? வலி இருக்கிறவளுக்குக் குடும்மா," என்றேன்.

"அப்படிக் குடுத்தா அது ஆராய்ச்சியே இல்லக்கா. மெஷின் இருக்கிற வீடு, இல்லாத வீடு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் வித்தியாசம் தெரியும். நானே பொறுக்கிக் குடுத்தா தில்லியில ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நம்ப வெச்சுட்டோம்னா எல்லாருக்குமே வாங்கிடலாம்."

"அதுவரிக்கும் இல்லாதவ மிதிச்சிகினே இருக்கணுமா?"

அவள் குனிந்துகொண்டாள். "இப்பவும் மிதிக்கிறாங்கதானேக்கா," என்றாள் மெதுவாக. கெட்ட பெண் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் ஓங்கி ஒரு அறை கொடுக்கலாமா என்றிருந்தது எனக்கு.

மெஷின் வாங்கிய வீட்டார் தவிர வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"எந்தறியில நீ குந்து. உந்தறிக்கு நான் போறேன். ரெண்டு பேருக்கும் ஒரே மொதலாளி, ஒரே டிசைன். எவனுக்குத் தெரியப் போவுது?"

"கையெழுத்துப் போட்டுட்டு வந்தியேடி, திலகா?"

"போட்டது கைதானே, கால் இல்லையே," என்றேன். அவள் சிரித்ததைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

இப்படியே ஓடிற்று. அவளுடைய தறி பழசு, மிதிக்கட்டை என்னுடையதைவிடக் கனம். சாயங்காலமானால் எனக்கு இடுப்புக் கழன்று விழும் போலிருக்கும். ஆனால் அக்காவுக்கு முகம் தெளிந்துவிட்டது. குனிந்து நிமிர்ந்தாள், குடம் தூக்கினாள், ஊர்த் திருவிழாவில் பெண்ணோடு சேர்ந்து கோயிலைச் சுற்றி வந்தாள். முதலாளி என் தறியிலிருந்து போன புடவையைத் தடவிப் பார்த்து, "இன்னா திலகவதி, கை சாஃப்டாயிடுச்சே" என்று மட்டும் கேட்டார்.

மாதாமாதம் ஜாய்ஸின் ஆட்கள் வருகிற அன்றைக்கு அவரவர் தறியில் போய் உட்கார்ந்துகொள்வோம். வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். அதில் மட்டும் எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. வலித்தது, வலிக்கிறது என்றேன். அக்காவும் உண்மையைத்தான் சொன்னாள். குறைந்திருக்கிறது என்றாள்.

இரண்டு வருஷம் முடிந்து, போன மாசியில் ஜாய்ஸ் அதே பள்ளிக்கூடத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மெஷின் வெச்ச வீட்டுல வலி கொறையவே இல்லக்கா. சில பேருக்கு ஏறியிருக்குது. வெக்காத வீட்டுலதான் கொறஞ்சிருக்குது. இந்த மெஷினால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த மானியம் கெடையாது. மெஷின் எல்லாம் கல்லூரிக்குத் திரும்பிப் போவணும்."

நான் தனக்கோடியைப் பார்த்தேன். அவளுக்கும் மெஷின் விழுந்திருந்தது. அவள் எதிர்வீட்டில் மெஷின் விழாமல் போன தன் நாத்தனாரைப் பார்த்தாள், நாத்தனார் தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நாங்கள் இருவர்தான் மாறி உட்கார்ந்தோம் என்று நினைத்திருந்தேன். தெருவே மாறி உட்கார்ந்திருக்கிறது. எந்த வீட்டில் எவளுக்கு முடியவில்லையோ அவள் மெஷினில், முடிந்தவள் மிதிக்கட்டையில்.

ஆதிலட்சுமி அக்காதான் எழுந்து சொன்னாள். "வேலை செய்யுதும்மா ஒம் மெஷின். நான் உயிரோட நடமாடிகினுகிறதே அதாலதான்." எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜாய்ஸ் கையிலிருந்த காகிதங்களைப் பெஞ்சில் வைத்தாள். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னா எடுத்துகினு போயிடுவீங்களேன்னுதான்..." என்றாள் அக்கா.

ஜாய்ஸ் நடந்ததை நடந்தபடியே தில்லிக்கு எழுதினாள். பதிலைப் போனில் படித்துக் காட்டினாள். விதியை மீறியதால் கணக்கு எதுவும் செல்லாது, திட்டம் முடிந்தது. வலி குறைந்த பத்துப் பேரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. முடியாதவளுக்குக் கொடுத்தது குற்றமென்றால் வேறு எவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்? போனிலேயே கத்தினேன். அந்தப் பெண் என்ன செய்வாள், அழுதாள்.

மெஷினை வண்டியில் ஏற்றிய அன்றைக்கு அக்காவிடம் சொன்னேன். "காலையில எந்தறி, மத்தியானத்துக்கு மேல உந்தறி. ரெண்டையும் நானே மிதிக்கிறேன். நீ சும்மா குந்தியிரு."

"எத்தினி நாளைக்குடி?" என்றாள்.

மறுநாள் காலை தறிக்குழியில் கால் வைத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் தடக்கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திரும்பவும் தடக். அவளுடைய மிதிக்கட்டையின் சத்தம் எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷம் நான் மிதித்ததாயிற்றே.

"யக்கா, வாணாம்! நான் வரேன், எறங்குக்கா!" என்று சுவரை இரண்டு கையாலும் அடித்தேன். என்னை ஒரு தரம் கூப்பிட்டாள், "திலகா," என்று. அவ்வளவுதான். பிறகு தறி ஓட ஆரம்பித்தது, நிற்கவில்லை.