தக்காளிக்குத் தனி கிளாஸ்

மாதேஸ்வரன் சார் கடைசி ஆண்டு புராஜெக்டைப் பிரித்துக் கொடுத்தபோதே சோபனாவுக்கு வயிறு எரிந்தது. மண்டிக்கு வரும் சரக்குக்குப் பில் போடும் புரோகிராமை ஜாவாவில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான 'விளைபொருள்' கிளாஸ் என்ற பகுதியை எழுதும் வேலை பிரியங்காவுக்குப் போனது. மற்றவர்கள் 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற சொல்லைப் போட்டு அதன் வாரிசாக, ராகிக்கு ஒன்று, மாங்காய்க்கு ஒன்று என எழுத வேண்டும். சோபனாவுக்குத் தக்காளி.

"அவ எழுதுனதுக்குக் கீழதான் நான் எழுதணுங்களா சார்?"

"கீழ மேலனு ஏம்மா நெனைக்கற? பேரு, எடை, வெல எல்லாம் அதுலருந்து அப்படியே உனக்கு வந்துரும். தக்காளிக்குனு தனியா இருக்கறத மட்டும் நீ எழுதுனா போதும்."

முதல் செமஸ்டரிலிருந்தே பிரியங்காதான் முதலிடம். பெங்களூர் கம்பெனி வேலைக்கு எடுத்ததும் அவளைத்தான். இப்போது அவள் எழுதியதை வேறு வாங்கிக்கொள்ள வேண்டுமா? சோபனா எக்ஸ்டெண்ட்ஸ் போடவே இல்லை. அதே வரிகளைத் தானே மறுபடி எழுதினாள். தனியாக ஓட்டிப் பார்த்தாள். பில் சரியாக வந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

லேபில் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தார்கள். விளைபொருள் பட்டியலில் ராகி ஏறியது, மாங்காய் ஏறியது. தக்காளியைச் சேர்த்ததும் எர்ரர்.

பிரியங்கா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, எக்ஸ்டெண்ட்ஸே போடலயா? அப்பறம் தக்காளியும் ஒரு விளைபொருள்னு ஜாவாவுக்கு எப்படித் தெரியும்?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சோபனா தன் வரிகளை அழித்துவிட்டு எக்ஸ்டெண்ட்ஸ் சேர்த்தாள். கிளாஸ் காலியாகக் கிடந்தது. பாலக்கோடு மார்க்கெட்டில் அழுகலுக்கென்று எடையில் பிடித்துக்கொள்கிறார்கள் எனத் தக்காளி விற்கப் போகும் அப்பா புலம்புவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிரியங்காவின் பில் முறையைத் தன் கிளாஸில் மாற்றி எழுதி ஓவர்ரைடு செய்து, தக்காளிக்கு மட்டும் அழுகலைக் கழித்துக் கணக்குப் போட வைத்தாள்.

வைவாவுக்கு வந்த எக்ஸாமினர் அந்த இடத்தில் நின்றார். "அழுகல் கழிக்கறது யாரோட ஐடியா?"

"என்னோடதுங்க சார்."

"நல்லாருக்கு. மேல இருக்கற விளைபொருள் கிளாஸும் நீதானா?"

பிரியங்கா வெளியே இருந்தாள். தலையாட்டினால் போதும்.

"இல்லீங்க சார். பிரியங்கா எழுதுனது."

வெளியே வந்ததும் பிரியங்கா ஓடி வந்தாள். "என்னடி கேட்டாரு?"

"உன் கிளாஸ் யாரு எழுதுனதுனு கேட்டாரு. சொன்னேன். என்னோட அழுகல் கணக்கு நல்லாருக்குன்னாரு."

"எனக்கு அது தோணவே இல்ல பாரு," என்ற பிரியங்காவின் முகம் லேசாகச் சுருங்கியது.

சோபனா அதை ஆசை தீரப் பார்த்தாள்.